நைனாவின் காதும் என் காதும்

முதலில் அது பக்கத்து சீட்டுக்காரியின் போர்டிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்தேன்.

பெங்களூர் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் எனக்கு அப்போது நான்காவது வருஷம். வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் எங்களிடம் நம்பரைச் சொல்லிப் பதிவு செய்வார்கள். நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, லைன் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்போம். வரிசையாக உட்கார்ந்த பெண்கள், ஒவ்வொருத்தி எதிரிலும் துளைகள் நிறைந்த ஒரு போர்டு, கைக்கு எட்டும் உயரத்தில் அந்தத் துளைகளில் சொருகுகிற ஒயர்கள் (கார்டு என்போம்), ஒரு காதை இறுக்கிப் பிடித்த ஹெட்செட். எங்கேயாவது ஒரு லைன் சரியாக மூடாமல் கிடந்தால் மெல்லிய விசில் ஒன்று காதுக்குள் கசியும். அது எங்களுக்குப் பழகிய தொல்லைதான்.

"உன் கார்டு ஏதோ சொருகினபடி கிடக்குது பாரு. விசிலடிக்குது" என்று அவளிடம் சொன்னேன்.

அவள் குனிந்து பார்த்துவிட்டு, "என் போர்டுல எதுவும் இல்லப்பா" என்றாள்.

என் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். விசில் நிற்கவில்லை. ஹெட்செட்டையே கழற்றி மேசைமேல் வைத்தேன். அப்போதும் நிற்கவில்லை. இடது காதைக் கையால் பொத்தினேன். இன்னும் கிட்டே வந்தது.

அதற்கு அரைமணி முன்னால்தான் மழை பிடித்திருந்தது. மத்தியானம் வரை வெயில் அடித்துவிட்டு, நாலு மணிக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டுமே, அந்த மே மாத மழை. மின்னல் வெட்டும்போது ஹெட்செட்டைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் அம்மாள் சொல்லிக்கொண்டே எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தார். நானோ கோலார் லைனில் அவசர டிரங்க் கால் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்து லைன் என்பதால் அதை விட மனசு வரவில்லை. அந்த நேரத்தில் காதுக்குள் பலகை பிளந்தது போல ஒரு சத்தம். கண் இருண்டு, நாக்கில் துருப்பிடித்த சுவை. அப்படியும் நான் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டு, வலது காதுக்கு மாற்றி, அந்த லைனைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சூப்பர்வைசர் அம்மாள் என் தோளைத் தட்டினார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

அப்போது நாங்கள் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். அக்கா, அவள் வீட்டுக்காரர், நைனா, நான் என்று நாலு பேர். முன்னறை, பின்னறை, தகரம் வேய்ந்த சமையல்கட்டு. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் போன குடும்பங்களில் அதுதான் வழக்கம். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் முப்பது வருஷம் பாறையைத் துளைக்கிற டிரில் பிடித்தவர் அவர். வேலை முடிந்த வருஷமே அம்மா மாதா கோயில் கல்லறைக்குப் போய்விட்டாள். நைனாவைத் தனியாக விட முடியாமல் அக்கா பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். விசில் எனக்குள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் மனசு ஒப்பவில்லை. அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். பானைக்குப் பின்னால் சில்வண்டு இருக்கிறதா என்று பார்த்தேன்.

"இன்னாடி தேட்றே?" என்றாள் அக்கா.

"ஏதோ கத்துதுக்கா."

"ஒண்ணும் கத்தல. ஸ்டவ்வுகூட அணைச்சிட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயைக் காதில் விட்டாள். தலையணையில் எண்ணெய்க்கறை படிந்ததுதான் மிச்சம். பிறகு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு கால் முளைத்த இரும்பு ஒன்றை முழங்காலில் தட்டி, என் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வைத்துக் கேட்டார். காது சுத்தமாக இருக்கிறது, உள்ளே நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். மருந்து கேட்டதற்குக் கன்னடத்தில் "அப்யாச ஆகத்தேம்மா" என்றார். பழகிப்போய்விடும் என்று அர்த்தம். அக்கா வெளியே வந்ததும், "எழுதிக் குடுக்கத் தெரியாதவன் எதுக்கு டாக்டரு" என்று பொரிந்தாள்.

சிவாஜிநகரில் ஒரு ஹக்கீம் வைத்தியரிடமும் போனோம். வயசான மனுஷர். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கண்மூடியிருந்தார். வெதுவெதுப்பான பாதாம் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, கம்பளித்துணியால் காதைக் கட்டிவிட்டார். வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் சத்தம் இறங்கினது போல இருந்தது. சந்தைக் கூச்சலில்தான் அது அமுங்கியிருந்தது என்பது வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் தெரிந்தது.

மாதா கோயில் பாட்டுக் குழுவில் நான் பாடிக்கொண்டிருந்தேன். என் விசில் ஒரே சுருதியில் நிற்கும். பாட்டு அதற்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் என் குரல் பாட்டை விட்டுவிட்டு விசிலைப் பிடித்துக்கொண்டு போகும். எல்லாரும் திரும்பிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நான் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன்.

வேலையில் யாரிடமும் சொல்லவில்லை. காது போன ஆபரேட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? ஹெட்செட்டை வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். முடி சரிந்து மறைக்கிறது, அதனால்தான் என்று பொய் சொன்னேன்.

இப்படி மூன்று நாலு மாசம் ஓடிய பிறகுதான் மாவு மிஷினில் அது நடந்தது.

நைனாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எங்களிடம் பேசியதே குறைவு. சின்ன வயசில் ஸ்கூலில் ஒப்பித்துப் பரிசு வாங்கின பாட்டை அவரிடம் ஒப்பிக்கப் போயிருக்கிறேன். பாதிப் பாட்டில் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று நான் அழுத அழுகை அம்மாவுக்குத்தான் தெரியும். கூப்பிட்டால் திரும்பமாட்டார். மூன்றாம் தரம் கத்தினால், "இன்னாத்துக்குக் கத்றே?" என்று எரிந்து விழுவார். பிள்ளைகள் மேல் பாசமில்லாத மனுஷர் என்றே நாங்கள் வளர்ந்தோம்.

பெங்களூர் வந்த பிறகு அவருக்கு ஒரு பழக்கம். காலையில் கஞ்சி குடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மாவு மிஷினுக்குப் போய்விடுவார். அங்கே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார், மறுபடியும் போவார். சாயங்காலம் திரும்பும்போது புருவம், மீசை, கோட்டு எல்லாம் வெள்ளையாக இருக்கும். "மிஷின்காரன் கூலிக்கு வச்சிருக்கானான்னு கேக்கறாங்க தெருவுல" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். பேச்சுத்துணைக்குப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அந்த இரைச்சலில் யாரோடு யார் பேச முடியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு எனக்குக் காலை ஷிப்ட். மத்தியானம் வீடு வந்ததும், கேழ்வரகு டின்னை அக்கா என் கையில் கொடுத்து அரைத்து வரச் சொன்னாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீளமான தோல் பெல்ட் படபடவென்று அடிக்க, கல் உறுமிக்கொண்டு சுற்ற, தரையே அதிர்ந்தது. வரிசையில் டின்னை வைத்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் விசில் இல்லை. தேடினேன். காதுக்குள் எங்கே தேடினாலும் இல்லை. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு என் தலை எனக்கே சொந்தமானது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே பெட்டிமேல் நைனா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை. நெற்றிச் சுருக்கம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கும் குழந்தை மாதிரி இருந்தார். அவர் தூங்கவில்லை. விரல்கள் முழங்காலில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது.

கரண்ட் நின்றபோது மிஷின் தளர்ந்து ஓய்ந்தது. ஓய்ந்த நிமிஷமே என் விசில் திரும்பி வந்தது. அதே நிமிஷம் நைனாவின் நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் போய் அவர் பக்கத்தில் குந்தி, என் இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.

"நைனா, உனக்கும் இதுக்குள்ள சத்தம் கேக்குதா?"

அவருக்கு விளங்கவில்லை. இன்னும் உரக்கக் கேட்டேன். டின்னோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் காதையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, என் கையைப் பிடித்து வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். என் கையை அவர் பிடித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"உனக்கும் உள்ள சத்தம் கீதா, பாப்பா?"

"விசில் மாதிரி, நைனா. ஒரு பக்கம்தான்."

"எனக்கு ரெண்டு பக்கமும். விசில் இல்ல, டிரில்லு. ஷிப்டு முடிஞ்சி மேல வருவோம். எல்லாரும் வெளிச்சம் பாத்து சிரிச்சிக்கினு போவானுங்க. எனக்கு உள்ள டிரில்லு ஓடிக்கினே கீது. இருபது வருஷம் ஆச்சி. நிக்கல."

"ஏன் நைனா யார்கிட்டயும் சொல்லல?"

"மைன்ஸ்ல சொன்னா அன்ஃபிட்டுன்னு அனுப்பிடுவான். உங்கம்மாகிட்ட சொன்னேன். பேய்னு நெனச்சி, சாமியார இட்டாந்து தண்ணி தெளிச்சா. அப்பால நான் சொல்றதே இல்ல."

தங்கவயலில் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், பாறையை நொறுக்குகிற மில் இரவு பகலாக ஓடும். அந்த இரைச்சலில்தான் இத்தனை வருஷம் பிழைத்தேன் என்றார். பெங்களூர் வந்து முதல் ராத்திரி, அக்கா வீட்டு அமைதியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாமா என்று நினைத்தாராம். மறுநாள் தெருத்தெருவாகச் சுற்றி, மாவு மிஷினைக் கண்டுபிடித்திருக்கிறார்.

நான் பாட்டு ஒப்பித்த அன்று அவர் எழுந்து போனது ஏன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? குழந்தையின் கீச்சுக்குரல் அந்த டிரில்லுக்கு மேல் ஏறியிருக்காது.

"அக்காகிட்ட சொல்லாத. அவ மாப்பிள்ளகிட்ட சொல்லுவா. கெழவனுக்கு மூளை கலங்கிடுச்சின்னு பேசுவாங்க. நீ எனக்குச் சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருஷம் என் வாழ்க்கையிலேயே நான் நைனாவோடு வாழ்ந்த காலம். காலை ஷிப்ட் முடிந்து வந்தால் நேரே மிஷினுக்குப் போய்விடுவேன். அரைக்க எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு டின்னைச் சும்மா எடுத்துப் போவேன். மாமா ஆபீஸிலும் அக்கா கடைத்தெருவிலும் இருக்கிற மத்தியானங்களில் மாமாவின் ரேடியோவைப் போடுவோம். ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் முள்ளை நிறுத்தினால் மழை பெய்வது போல ஓர் இரைச்சல் வரும். அதன் முன்னால் இரண்டு பேரும் பாய் போட்டு உட்கார்ந்திருப்போம். நல்ல மழை பிடித்தால் சமையல்கட்டுத் தகரத்தடியில் போய் நிற்போம். "இன்னைக்கு எப்படி கீது?" என்று அவர் கேட்பார். "கொஞ்சம் கம்மிதான்" என்பேன். "எனக்கும்" என்பார்.

ஆனால் ஒன்று மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இடி இறங்கியதால் வந்தது என்று நான் எத்தனை சொன்னாலும் நம்பமாட்டார். "இடி எல்லாருக்கும்தான் உழுந்துச்சி. உனக்கு மட்டும் எப்படி? என் ரத்தம் பாப்பா. நான் குடுத்தது" என்பார்.

இரண்டாம் வருஷம் குளிர்காலத்தில் ஒரு காலை. ஒரு மனிதர் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவசர கால் பதிவு செய்தார். குரல் நடுங்கியது. நம்பரில் கடைசி எண்ணை 'நைன்' என்றார். அந்த இழுப்பு என் விசிலில் கரைந்துபோய், எனக்கு 'ஃபைவ்' என்று விழுந்தது. சீட்டில் ஐந்து என்று எழுதினேன். திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. லைன் நெருக்கடியில் அன்றைக்கு நான் செய்யவில்லை. லைன் கிடைக்க முக்கால் மணி ஆயிற்று. கிடைத்தது ஒரு மரக்கடை. மறுபடியும் அந்த மனிதரைக் கூப்பிட்டு, நம்பரைக் கேட்டு, மறுபடியும் வரிசையில் போட்டு, ஆஸ்பத்திரி கிடைத்தபோது இன்னும் அரைமணி போயிருந்தது.

இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு நாங்கள் விலகிவிட வேண்டும். அன்று என்னால் விலக முடியவில்லை.

"வார்டுல இருக்கறது என் அம்மா. நான் ரயில் ஏறப்போறேன். நான் வர்றேன்னு அவங்க காதுல மட்டும் சொல்லிடுங்க, அது போதும்" என்றார் அவர்.

எதிர்ப்பக்கம் யாரையோ கேட்கும் சத்தம். பிறகு ஒரு நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்: "இப்பதாங்க. ஒரு கால்மணி நேரம் ஆச்சு. உங்களத்தான் கேட்டுகிட்டே இருந்தாங்க."

நான் கார்டைப் பிடுங்கவில்லை. அவர் பிடுங்கச் சொல்லவும் இல்லை. வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவரே வைத்துவிட்டார்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நேரே சூப்பர்வைசர் அம்மாளிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். இடி இறங்கிய நாளிலிருந்து சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "அன்னைக்கு நான் உன் தோளைத் தட்டினேனே" என்று மட்டும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேலையை விட்டு எடுக்காதபடி அவர்தான் பேசி, என்னைப் புகார்க் கடிதங்களை அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார். நல்ல மனசோடு செய்தது. மாடியில் மூலை அறை, கனத்த கதவு, பேசாத இரண்டு குமாஸ்தாக்கள். பேப்பர் புரளும் சத்தம் தவிர வேறு இல்லை. காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை நானும் என் விசிலும். அந்த விசிலுக்குள் சில நாள் அந்த மனிதரின் மூச்சும் கேட்கும். அது காதின் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் மத்தியானங்கள் போய்விட்டன. நைனா மிஷினில் தனியாக உட்கார வேண்டியதாயிற்று. அந்த வருஷம்தான் அவருக்கு இருமலும் ஆரம்பித்திருந்தது. மாவுத்தூசியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கும் கிழவரைத் தெருவே பார்த்தது. அக்காவின் காதுபடப் பேசினார்கள், மகள் வீட்டில் இடமில்லாமல்தான் கிழவன் அங்கே கிடக்கிறான் என்று.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தபோது நைனா வீட்டில் இருந்தார். பின்னறைச் சுவரோரம், இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மிஷினுக்கு ஓடினேன்.

"அவரால எனக்கு ஒண்ணும் தொந்தரே இல்லம்மா" என்றார் மிஷின்காரர். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார். "உங்க அக்காதான் வந்தாங்க. வயசானவரு, பெல்ட் பக்கத்துல உக்காரக் கூடாது, துண்டு சிக்கினா என்ன ஆகும், இனிமே உள்ள விடாதீங்கன்னு சொன்னாங்க. நான் பெட்டிய எடுத்துட்டேன். அவரு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிட்டாரு."

வீட்டுக்கு வந்து அன்று நான் சத்தியத்தை உடைத்தேன். சமையல்கட்டில் வைத்து அக்காவிடம் எல்லாம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பைத்தியமா நான்? பெத்த தகப்பனுக்கு இது இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சா அங்க போய் அப்படிச் சொல்லுவேனா? இத்தினி நாளா ரெண்டு பேரும் ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

அக்காவே மிஷினுக்குப் போனாள். பெட்டியைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு வந்து, நைனாவின் எதிரில் நின்று, "வா நைனா, நானே இட்டும்போறேன்" என்று அழுதாள். அவர் தலையை ஆட்டினார். "வேணாம்மா. தூசி ஒத்துக்கல" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. ஒருதரம் பெட்டியை எடுத்துவிட்டார்களே, அந்த வெட்கம் அவருக்கு.

மாமா ரேடியோவைப் பின்னறையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் அது நாளெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். அவர் ஒருநாளும் அதைப்பற்றி முகம் சுளிக்கவில்லை. ஆனால் இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. சுரங்கத்தில் சேர்ந்த தூசி, இப்போது வேலையைக் காட்டுகிறது என்றார் டாக்டர். மழைக்காலம் தொடங்கும்போது நைனா படுக்கையோடு ஆகிவிட்டார். காது ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. காதருகே வாயை வைத்துக் கத்தினால் தவிர, வெளிச்சத்தம் எதுவும் உள்ளே போகவில்லை. அதனால் ரேடியோவும் மழையும்கூட உதவவில்லை. உள்ளே ஓடிய டிரில் மட்டும் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்தார். என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"பாப்பா, உன் காது எப்படி கீது?"

கம்மிதான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் வேறு வந்தது.

"நின்னுபோச்சு நைனா."

அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து, அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினேன். "நின்னுபோச்சு! இப்ப இல்ல!"

"எப்போ?"

"போன வாரம்! காலையில எழுந்தேன், இல்ல!"

பொய்யைக் கத்திச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவர் வெகுநேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்ப என் ரத்தம் இல்ல" என்றார். "என் ரத்தமா இருந்தா நிக்காது."

சமையல்கட்டிலிருந்து அக்கா ஓடிவந்தாள். அவளும் கேட்டுவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு, "மாதாவே, ஒருத்திக்காவது கண் தொறந்தியே" என்று அழுதாள். நான் அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். விசில் அடித்துக்கொண்டிருந்தது.

நைனா அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை. அந்த ஒன்பது நாளும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் காதைத் தொட்டு, கையை விரித்து, 'இல்லையே?' என்று ஜாடையில் கேட்பார். நானும் கையை விரித்துக் காட்டுவேன். சிரிப்பார்.

ஹொசூர் ரோடு கல்லறையில் அடக்கம் செய்தோம். பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது, இப்போதாவது அவருக்குள் அது நின்றிருக்குமா என்று நினைத்தேன். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த சாயங்காலம், நானும் அக்காவும் பின்னறையில் அவர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். கோட்டை உதறினாள். மடிப்பிலிருந்து மாவு பறந்தது. "உனக்காவது நல்லாயிடுச்சி. அந்தச் சந்தோஷத்தோட போனாரு" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நிக்கலக்கா" என்றேன். "ஒருநாளும் நிக்கல. இப்பவும் அடிக்குது."

அவள் கோட்டைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். என் பக்கத்தில் நகர்ந்து வந்து, என் முடியை ஒதுக்கி, அவள் காதை என் இடது காதோடு ஒட்டிவைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவள் கம்மல் என் கன்னத்தில் குத்திக்கொண்டிருந்தது.

"எனக்கு எதுவும் கேக்கலியேடி" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் நானும் அழுதேன்.